பாசி பிடித்த நடைபாதை: புல் கருகாமல் எப்படிக் கழுவுவது?

கொல்லைப்புறம்:
ஊர் நாகர்கோவில். கேட்டிலிருந்து திண்ணை வரைக்கும் கான்கிரீட் பாதை, இரண்டு பக்கமும் கொரியன் புல். ஐப்பசி மழைக்குப் பிறகு பாதை முழுக்கப் பச்சைப் பாசி. மாமரத்தடியில் கறுத்தே போய்விட்டது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, விடியற்காலையில் பால் எடுக்க அந்த வழியாகத்தான் வருவார். ஆசிட் ஊற்றினால் வெளுத்துவிடும் என்கிறார் கொத்தனார். தண்ணீர் புல் பக்கம்தான் வடிகிறது. புல் தாங்குமா?

ஈரமண்:
ஆசிட் வேண்டவே வேண்டாம், தம்பி. சிமெண்டையே அரித்து மணலை வெளியே கொண்டுவந்துவிடும். தரை சொரசொரப்பானால் அடுத்த மழைக்குப் பாசி இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். புல்லும் கருகும்.

முதலில் தேங்காய் நார் பிரஷ்ஷால் வெறும் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். கம்பி பிரஷ் வேண்டாம்; உடைந்த கம்பித் துணுக்குகள் தங்கித் துருக்கறை விழும். தேய்த்து வந்த பாசியை மண்வெட்டியால் வழித்து உரக்குழியில் போட்டுவிடலாம்.

மீதிக் கறைக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர். 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் 100 கிராம் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அது வெள்ளைத் திட்டாகப் படியும். அதற்கு முன்னால் புல்லை ஓஸ் வைத்து நன்றாக நனையுங்கள். ஈரம் குடித்த மண் மருந்துத் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. ஓரம் நெடுக ஈரச் சாக்கைச் சுருட்டிப் போடுங்கள். மருந்தை ஊற்றாமல் பிரஷ்ஷில் தொட்டுத் தடவி, பத்து நிமிடம் காயாமல் வைத்திருந்து, கேட் பக்கமாகத் தள்ளிக் கழுவுங்கள். கடைசியாகப் புல்லுக்கு மறுபடி நிறையத் தண்ணீர். கையுறை கட்டாயம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: வீட்டில் மிச்சமிருக்கும் ஆசிட்டையோ கக்கூஸ் கழுவும் திரவத்தையோ இதோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

தெற்குவாசல்:
பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைத்தால் மருந்தே தேவைப்படாது. ஆனால் ஊசி மாதிரி பாயும் நாசில் கான்கிரீட்டைச் செதுக்கிவிடும். விசிறியாக விரியும் நாசிலைப் போட்டு ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். புல் ஓரத்திலிருந்து பாதையின் நடுப்பக்கமாக அடிக்க வேண்டும்; புல் பக்கம் திருப்பினால் வேரோடு மண் பறந்துவிடும்.

கொல்லைப்புறம்:
நன்றி ஐயா. மாமரத்தடியில் மட்டும் வெயில் காலத்திலும் ஈரம் காய்வதில்லை. அங்கே என்ன செய்வது?

ஈரமண்:
பாதையை விடப் புல்தரை உயர்ந்திருக்கிறதா பாருங்கள். கொரியன் புல் வருடா வருடம் மேடு கட்டும். தண்ணீர் வடிய வழியில்லாமல் பாதையிலேயே நிற்கும். மண்வெட்டியால் ஓரம் நெடுக நாலு விரல் அகலத்துக்குப் புல்லைச் சீவி, சின்ன வாய்க்கால் எடுத்துவிடுங்கள். அப்புறம் மத்தியான வெயில் விழுகிற மாதிரி தாழ்ந்த கிளை ஒன்றிரண்டை வெட்டுங்கள், ஆனால் பூ எடுப்பதற்கு முன்னாலேயே. அதுவரை அம்மா நடக்கும் இடத்தில் ஆற்று மணலைத் தூவி வையுங்கள். காலுக்குப் பிடிமானம் கிடைக்கும், புல்லுக்கும் கெடுதலில்லை.