கொழுந்து பறிக்கிற கைத்திறன் மனித மூலதனத்தில் சேருமா?

கோத்தகிரித் தம்பி:
அண்ணன்களே, அக்காமார்களே, ஒரு சந்தேகம். ஊட்டியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். போன வாரம் மனித மூலதனம், அதாவது உழைக்கிறவரிடம் சேர்ந்திருக்கும் படிப்பு, ஆரோக்கியம், திறன் பற்றிய பாடம். நாட்டு மக்கள் சராசரியாக எத்தனை வருடம் பள்ளிக்குப் போனார்கள் என்று எடுத்து வளர்ச்சியோடு பொருத்திப் பார்ப்பார்களாம். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவர், முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். பேச்சு பக்கத்தில் இருப்பவரோடு இருக்கும், விரல் பாட்டுக்கு இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே போகும். கைக்குள் அமுக்கி வைத்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும் என்று பிடி நிறைவதற்கு முன்பே கூடையில் போட்டுவிடுவார். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிடுவதும் அவர்தான். அவர் பெயருக்கு நேராக 3 என்று மட்டும்தான் எழுதுவார்களா?

மலைரயில்:
பள்ளி வருடக் கணக்கில் 3தான் தம்பி. உலக வங்கி 2018இல் கொண்டுவந்த மனித மூலதனக் குறியீட்டிலோ அதுவும் கிடையாது, ஏனென்றால் அது இன்று பிறக்கிற குழந்தையைப் பற்றியது. முழுப் படிப்பும் முழு ஆரோக்கியமும் கிடைத்திருந்தால் அந்தக் குழந்தை வளர்ந்து எவ்வளவு உழைப்புத் திறனோடு இருக்குமோ அதை 1 என்று வைத்துக்கொண்டு, இப்போதைய நிலையில் எவ்வளவு வரும் என்று பார்க்கிறார்கள். 2020இல் இந்தியாவுக்கு 0.49. அதில் என்னை உலுக்கியது வேறொரு எண்: நம் பிள்ளை 18 வயதுக்குள் 11.1 வருடம் பள்ளியில் இருக்கும், ஆனால் கற்றதை வைத்துப் பார்த்தால் அது 7.1 வருடப் படிப்புக்குத்தான் சமம். நான்கு வருடம் எங்கே போயிற்று? ஐந்து வயது தாண்டுகிறதா, வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. அதனால் 2022இல் இங்கே தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைச் செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், அது முதலீடு.

கூடலூர்க்காரி:
அம்மாவைச் சேர்க்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் மீதி வாழ்நாளில் சம்பாதிக்கப்போவதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது, ஜார்கன்சன், ஃப்ராமேனி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வகுத்த முறை. ஆனால் அதில் கூலிதான் அளவுகோல். கூலி குறைவென்றால் திறனும் குறைவு என்று ஆகிவிடும், அதை நான் ஏற்கவே மாட்டேன்.

எங்கள் தாத்தா குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவான 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்தது. கையில் ஒரு தகரப்பெட்டி. ஆனால் கவ்வாத்து வெட்டவும் (செடி மறுபடி தளிர்க்கக் கிளைகளை வெட்டிவிடுவது) கொழுந்து பறிக்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலைத் தோட்டமே போட்டது, அதுதான் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். பள்ளிச் சான்றிதழைப் பார்த்தா அதைச் செய்தார்கள்?

மலைரயில்:
அக்கா சொல்வது சரி. பள்ளி வருடம் கூடினால் வளர்ச்சி தானாக வந்துவிடாது என்று 2001இலேயே லாண்ட் பிரிட்செட் என்ற பொருளாதார அறிஞர் காட்டினார், பல நாடுகளில் படிப்பு ஏறியும் ஒரு தொழிலாளியின் உற்பத்தி அதற்கேற்ப ஏறவில்லை. பள்ளியில் ஒன்றும் கற்காமல் இருந்திருக்கலாம், படித்தவர்களுக்கு ஏற்ற வேலை இல்லாமல் போயிருக்கலாம், அல்லது அவர்கள் நாட்டுக்குப் பயன்படாத வேலையில் போய் உட்கார்ந்திருக்கலாம் என்கிறார். நம் மலையில் இரண்டாவதுதான் கண்முன் தெரிகிறது. பிள்ளைகள் டிகிரி முடித்ததும் கோவைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். படிக்க வைத்த செலவு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் இந்த லயத்து வீட்டில், உற்பத்தி கீழ்நாட்டில்.

கோத்தகிரித் தம்பி:
ரொம்ப நன்றி. வாழ்நாள் வருமான முறையில் அம்மாவுக்கு ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் பழக்கிவிட்டதற்கு அவருக்குத் தனியாகக் கூலி எதுவும் கொடுத்ததில்லை, அதை எந்த வரியில் எழுதுவது அக்கா?