தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில்: போனில் படிக்க முடியவில்லை

சித்தூர்ப்புழை:
கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்கான இணையதளம். ஆழியாறு தண்ணீர் திறப்பு, கொப்பரை விலை, பஸ் நேரம் எல்லாம் தமிழில் மேலேயும் மலையாளத்தில் கீழேயும் வருகின்றன. எழுத்து 14 பிக்சல், லைன்-ஹைட் (வரி உயரம்) 1.3, இருபுறமும் சமமாக ஜஸ்டிஃபை. போனில் பார்த்தால் சொற்களுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி. மலையாளத்தில் அடி எழுத்து வெட்டுப்படுகிறது. டிடிபி கடையிலிருந்து வந்த பழைய அறிவிப்புகளோ குப்பை எழுத்தாக இருக்கின்றன. எதை முதலில் சரிசெய்வது?

கோபாலபுரம் அண்ணா:
முதலில் ஜஸ்டிஃபையை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் ஒட்ட வையுங்கள் தம்பி. 360 பிக்சல் அகலத் திரையில் ஓரம் போக ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொல்தான் கொள்ளும். ‘திறந்துவிடப்படுகிறது’ மாதிரி ஒரு சொல் இடமில்லாமல் கீழே இறங்கினால், மிச்ச இடம் முழுவதும் மேல் வரியில் இருக்கும் இரண்டு இடைவெளிகளுக்குள் போகும். ஓட்டை வருவது அதனால்தான்.

எழுத்து 17 அல்லது 18 பிக்சல், லைன்-ஹைட் 1.7. அந்த 1.7-ஐ அலகு சேர்க்காமல் வெறும் எண்ணாகவே எழுதுங்கள். பிக்சலில் கொடுத்தால், தலைப்பின் எழுத்து பெரிதாகும்போது வரி உயரம் கூடவே வளராது, கொக்கி மேல் வரியில் இடிக்கும். கம்ப்யூட்டரில் பத்தியின் அகலம் 34 எம் (ஒரு எம் என்பது அந்த எழுத்தின் அளவு) தாண்டவேண்டாம்.

தேதியைச் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் #999 நிறத்தின் வேறுபாடு 3-க்கு 1 கூட இல்லை. அணுகல்தன்மை விதி கேட்பது 4.5-க்கு 1. #767676-க்கு மேல் வெளிறக்கூடாது. தோப்பில் வெயிலில் நின்று பார்க்கிறவர்களுக்கு #222 நல்லது.

இருமொழிக்காரன்:
மலையாளம் வெட்டுப்படுவதற்குக் காரணம் கூட்டெழுத்துகள். ரச்சனா, மீரா போன்ற பழைய லிபி எழுத்துருக்களில் இரண்டாம் எழுத்து அடியில் தொங்கும், 1.3 அதற்குப் போதாது. மலையாளப் பகுதிக்கு மட்டும் 1.8 கொடுங்கள். அந்தப் பெட்டிக்கு உயரத்தைப் பிக்சலில் கட்டி ஓவர்ஃப்ளோவை ஹிடன் (பெட்டிக்கு வெளியே வழிவதை மறை) என்று வைத்திருந்தால் அதையும் நீக்கவேண்டும், இல்லையென்றால் 1.8 வைத்தும் வெட்டும்.

ஒவ்வொரு பகுதிக்கும் அது எந்த மொழி என்று சொல்லும் லாங் (lang) குறிப்பு கட்டாயம்: தமிழுக்கு டி-ஏ (ta), மலையாளத்துக்கு எம்-எல் (ml). அதை வைத்தே எழுத்துருவைப் பிரிக்கலாம் (நோட்டோ சான்ஸ் தமிழ், மஞ்சரி). திரையை வாசித்துச் சொல்லும் செயலியும் அதைப் பார்த்துத்தான் குரலை மாற்றும்.

இட்டாலிக் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அசல் சாய்வெழுத்தே கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. அழுத்தத்துக்கு எழுத்தின் தடிமன் (ஃபான்ட்-வெயிட்) 600 போதும். அதற்கு மேல் சிறிய அளவில் ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

பாமினி மாற்றி:
குப்பை எழுத்து வடிவமைப்புக் கோளாறு இல்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது, அந்த எழுத்துரு இல்லாத போனில் அப்படியேதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். மாற்றும் முன் இமெயில், வண்டி எண் போன்ற ஆங்கிலத் துண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் அவையும் தமிழ் எழுத்தாகிவிடும். மலையாள அறிவிப்பு எம்எல்-டிடி கார்த்திகா என்ற பழைய மலையாள எழுத்துருவில் இருந்தால் அதற்கு மாற்றி வேறு.

மாற்றியபின் காலுக்குப் பதில் ‘ர’ வந்திருக்கிறதா, ‘ௌ’ இருக்கவேண்டிய இடத்தில் கொம்பும் ‘ள’-வும் தனித்தனியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது.

சித்தூர்ப்புழை:
நன்றி அண்ணா. இடப்பக்கம் ஒட்டியதும் ஓட்டை போய்விட்டது, மலையாளமும் முழுசாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் பாக்கி: ‘7.25 டி.எம்.சி.’ எழுதினால் எண் மேல் வரியிலும் அலகு கீழ் வரியிலும் நிற்கிறது.

கோபாலபுரம் அண்ணா:
நடுவில் சாதா ஸ்பேஸுக்குப் பதில் பிரியா இடைவெளி போடுங்கள், எச்டிஎம்எல்லில்   என்று எழுதவேண்டும். ‘காலை 6.40’, ‘ரூ. 120’ எல்லாவற்றுக்கும் அதே. நீளமான தொடருக்குள் போடவேண்டாம், முழுத் தொடரும் ஒரே சொல்லாகி வரிக்குள் அடங்காமல் போகும். பஸ் நேரத்தைப் படமாக ஏற்றியிருந்தால் அட்டவணையாகத் தட்டிவிடுங்கள், இரண்டே நெடுவரிசை: நேரம், போகும் ஊர்.