வரைபடத்தில் எங்கள் குப்பத்து மணல் இல்லை. எப்படிச் சேர்ப்பது?

கட்டுமரம்:
வணக்கம். சென்னைக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். அரசு வெளியிட்ட கடலோர மண்டல வரைவு வரைபடத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். வீடுகள் தெரிகின்றன. படகு ஏற்றும் மணலும் வலை காயும் இடமும் வெறும் வெள்ளை. அதே வாரம் சிலர் வந்து கதவுகளில் எண் எழுதிவிட்டு, "பெரும்பாக்கத்தில் வீடு கிடைக்கும்" என்று சொல்லிப் போனார்கள். கடலை விட்டுத் தள்ளி இருக்கும் மறுகுடியமர்வு அடுக்குமாடிகள் அவை. ஊரில் யாருக்கும் தூக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

நெய்தல்:
தம்பி, கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் படியுங்கள். மீனவ கிராமங்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் அரசு திட்டம் போட வேண்டும். 2011 அறிவிக்கையிலும் இது இருந்தது.

வடகரை:
எங்கள் ஊரில் நாங்களே வரைந்தோம். எல்லையம்மன் கோயில் முன்னால் நாலு சார்ட் பேப்பரை ஒட்டிப் பாய் மாதிரி விரித்தோம். படகுத்துறை, வலைக்கூடம், கரைவலை இழுக்கும் ஓரம் என்று ஆண்கள் சொல்லச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் முடிந்தது என்றே நினைத்தோம். என் பெரியம்மா எழுந்து வந்து, கருவாட்டுக் கூடையைத் தாளின் வடக்கு மூலையில் வைத்தார். "இது எங்கடா?" நாற்பது வருடமாக அவர் காரப்பொடியும் நெத்திலியும் காயப்போட்ட இடம், எங்களில் ஒருவன் கண்ணிலும் படவில்லை. பெண்கள் தனித்தாள் வரையட்டும் என்று அன்றே முடிவு செய்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் கடல் ஏறும்போது படகுகளை ரோட்டோரம் வரை ஏற்றிவிடுவோம். மாசியில் வந்து அளப்பவருக்கு அது காலி மணல். அதனால் மழைக்காலத்துக்குத் தனிக் கோடு போடுங்கள். போனில் ஜிபிஎஸ் போட்டு எல்லை முழுக்க நடந்து, புல எண் (சர்வே எண்) வரைபடத்தோடு பொருத்தி, ஊர்ப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வரைவு வரைபடத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தில் மீன் கடைகளை அகற்றியபோது லூப் சாலையின் குறுக்கே படகுகளைப் போட்டு மக்கள் மறித்தார்கள். அந்த நிலை வருமுன்னே தாளை முடித்துவிடுங்கள்.

மீன்கூடை:
கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் வந்தவள் நான். தொழில் மீன் வியாபாரம். விடியற்காலை 2 மணிக்கு எழுந்து காசிமேட்டு ஏலத்துக்குப் போக வேண்டும். வாடிக்கை வீடுகள் எல்லாம் பழைய தெருவில். ஆட்டோவுக்குக் கொடுத்தது போகக் கையில் ஒன்றும் நிற்காது. ஆறு மாதத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டேன். தம்பி, எண் எழுத வருகிறவர்கள் பெண்கள் பெயருக்கு நேரே 'இல்லத்தரசி' என்று எழுதினால் விடாதீர்கள். 'மீன் வியாபாரம்' என்று எழுதச் சொல்லுங்கள். என் தாளில் என்ன எழுதினார்கள் என்று அன்றைக்கு நான் படித்துப் பார்க்கவில்லை.

கட்டுமரம்:
அக்கா, இதை இன்றே வீடு வீடாகச் சொல்கிறேன். அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் ஏலம் ரோட்டோரத்தில் நடக்கிறது. அதையும் குறிக்கலாமா?

வடகரை:
குறியுங்கள். எத்தனை வருடமாக, காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஏலம் நடக்கும்போது போட்டோ எடுங்கள், தேதி தெரியட்டும். பெண்கள் தாள் முடிந்ததும் இங்கே போடுங்கள், புல எண் பொருத்த நான் வருகிறேன்.