பிரித்த செட்டிநாட்டு வீட்டின் தூண்களை வாங்கிக் கட்டுவது பசுமைக் கட்டடக்கலையா?

கட்டுமானி:
காரைக்குடிக் கடைகளில் விற்கும் பழைய தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் வாங்கிப் புதிய வீட்டில் பொருத்துவதைக் கொள்ளை என்று இந்தக் குழுவில் சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நூறாண்டு நின்றும் உளுத்துப்போகாத பர்மா தேக்கை மறுபடி பயன்படுத்தினால், அந்த அளவுக்குப் புதிய மரம் வெட்ட வேண்டியதில்லை. இடித்த வீடுகளின் கதவு சன்னல்களைத் தேடிப் பயன்படுத்திய கட்டடக்கலைஞர் லாரி பேக்கரை நாம் முன்னோடி என்றே போற்றுகிறோம். இரண்டாம் உலகப் போரோடு செட்டியார்களின் பர்மா வணிகம் சரிந்து, வாரிசுகள் ஊர் ஊராகப் பிரிந்துபோன பிறகு, முன்னோரை வழிபடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டுமே திறக்கப்படும் வீடுகள் ஓடு ஒழுகிச் சரிவதைவிட, அவற்றின் மரமாவது வாழட்டுமே.

வளவு:
பேக்கர் எடுத்தது ஏற்கெனவே இடிந்த வீட்டின் மிச்சத்தை. இங்கே தூணுக்குக் கிடைக்கும் விலையே வீட்டை இடிக்கத் தூண்டுகிறது. மேலும், பிரிக்கும்போது எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். தூண், கதவு, கருங்கல், இத்தாலியச் சலவைக்கல் ஆகியவை விலைபோகின்றன. வீட்டின் எடையில் பெரும்பகுதியான சுவர் குப்பைமேட்டுக்கே போகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைக் கொத்துக்கரண்டியின் பின்புறத்தால் இலேசாகத் தட்டினாலே சாந்து உதிர்ந்து கல் முழுதாக வந்துவிடும். சிமெண்டில் கட்டியிருந்தால் சாந்துக்கு முன் கல்தான் உடையும். மறுபயன்பாட்டுக்கு இவ்வளவு எளிதான பொருளை எறிந்துவிட்டு, அலங்காரத்தை மட்டும் சுமந்து செல்வதைப் பசுமை என்று சொல்வது தகாது.

சுண்ணாம்புக்காரை:
இருவருமே ஊர்மக்களைப் பற்றிப் பேசவில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கருவோடு கண்ணாடிபோல் இழைத்த கொத்தனார்களின் கைப்பழக்கம், பழுதுபார்க்கும் வேலை இருந்தால் மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே தரைக்கல் செய்கிறார்கள் என்றால், அதை வாங்க ஆள் இருப்பதுதான் காரணம். சுவரும் தரையும் அப்படித்தான் பிழைக்க வேண்டும். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, மரபுக் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடி எழுப்பினார்கள். அங்கே பொருளோடு வேலையறிவும் சேர்ந்தே வந்தது.

கட்டுமானி:
செங்கல்லைப் பற்றி வளவு கூறியது சரி. ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருக்கையில், வெளியூரில் இருப்பவர் பழுதுச் செலவுக்குப் பங்கு தர மறுத்தால், உள்ளூரில் தனித்து நிற்கும் வயதான பங்குதாரர் என்ன செய்வார்? அருங்காட்சியகம் எல்லா வீட்டையும் ஏற்க முடியாது. விற்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

வளவு:
அவருடைய உரிமையை நான் மறுக்கவில்லை ஐயா, அவரை அந்த நிலைக்குத் தள்ளும் முறையைத்தான் எதிர்க்கிறேன். செட்டிநாட்டு ஊர்த்தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அதனால் மட்டும் ஒரு வீட்டின் கூரைக்கும் ஓடு வந்துவிடாது. முகப்பையும், முதல் கட்டு எனப்படும் முற்றத்தைச் சுற்றிய முன்பகுதியையும் காப்பாற்றிக்கொண்டு, சரிந்துபோன பின்கட்டின் மரத்தையும் செங்கல்லையும் ஓட்டையும் அதே வீட்டின் பழுதுக்கும், மிஞ்சியதை அதே ஊரின் பள்ளிக்கும் சாவடிக்கும் தரலாம். எந்தப் பகுதி நிற்கும், எது பிரியும் என்பதைப் பங்காளிகளும் உள்ளூர்க் கொத்தனாரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். இப்போது அந்த முடிவைத் தரகர் எடுக்கிறார்.

சுண்ணாம்புக்காரை:
பின்கட்டை மட்டும் பிரிப்பதானால், இரண்டு கட்டுக்கும் பொதுவான சுவரையும் முற்றத்து நீர் வடியும் வழியையும் முதலில் பார்த்துவிடுங்கள். அந்த வடிகால் அடைபட்டால், காப்பாற்ற நினைத்த முன்கட்டுச் சுவரில் அடுத்த ஐப்பசி மழையிலேயே ஈரம் ஏறத் தொடங்கிவிடும்.