மனுவோடு எம்.எல்.ஏ., எம்.பி.யைப் பார்க்கப் போனவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஊன்றுகோல் (தர்மபுரி மாவட்டம்)

நானே ஆரம்பிக்கிறேன். இளம்பிள்ளை வாதம், இரண்டு காலிலும் காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை). எங்க பக்கம் ஒரு அரசு அலுவலகத்து வாசலில் ஆறு படி. எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் "நீங்க கீழயே இருங்கம்மா, நாங்களே கையெழுத்து வாங்கிட்டு வந்து தர்றோம்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் என் காகிதம் எந்த மேசையில் கிடக்கிறது, அதைப் பற்றி யார் என்ன பேசினார் என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. பதினைந்து வருஷமாக என் வேலையெல்லாம் புளியமரத்தடியில் உட்கார்ந்தேதான் நடந்தது.

முதல் தடவை ஐந்து பேராக எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனோம். நாலு பக்க மனு. பஸ், வீடு, வேலை, உதவித்தொகை என்று பதினொரு கோரிக்கை. மரியாதையாகப் பேசினார், டீ வரவழைத்தார். "மூணு சக்கர வண்டி வேணுங்களா, ஏற்பாடு பண்றேன்" என்றார். மனு உதவியாளர் கைக்குப் போனது. அதோடு சரி.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதினொன்றையும் கேட்டதால் எதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் போய்விட்டது. அடுத்த முறை ஒரே பக்கம், ஒரே கட்டடம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 45-வது பிரிவு: பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள் நாங்கள் ஏறிப்போகிற மாதிரி மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அதை எழுதி, கீழே இரண்டு கேள்வி. உங்கள் தொகுதி நிதியில் இங்கே சாய்தளம் (ரேம்ப்) கட்டித் தருவீர்களா? மாவட்டத்தில் எத்தனை அரசுக் கட்டடம் இன்னும் மாறவில்லை என்று சட்டசபையில் கேட்பீர்களா?

"ஒருதரம் எங்களோட அந்த வாசல் வரைக்கும் வாங்க சார்" என்றும் கேட்டேன். பத்து நாள் கழித்து வந்தார். கூட வந்தவர்கள் என்னைத் தூக்க ஓடிவந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றேன். அவர் மேலே இரண்டு படி ஏறியவர் திரும்பிப் பார்த்தார், இறங்கி வந்தார். பேச்சு முழுக்கக் கீழேதான் நடந்தது. அன்றைக்குத்தான் வண்டிப் பேச்சு வரவில்லை.

சாய்தளம் வந்தது. ஆனால் பத்தடி நீளத்தில்! அரையடிப் படி ஆறு என்றால் மூன்றடி உயரம். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு, அப்படிப் பார்த்தால் முப்பத்தாறு அடி. வீல்சேரில் வந்த தம்பி பின்பக்கமாகச் சாயப் போனான், நாலு பேர் பிடித்தோம். டேப் எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். இப்போது இடித்துவிட்டு வளைத்துக் கட்டுகிறார்கள். சட்டசபைக் கேள்வி இன்னும் வரவில்லை, நான் விடுவதாக இல்லை.

மாங்காட்டு அம்மா (கிருஷ்ணகிரி மாவட்டம்)

அக்கா, உங்க பதிவைப் படிச்சு அழுதுட்டேன். என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு, வயசு இருபது. மாசம் 2,000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்காக அலைஞ்சப்போ அவனையும் கூட்டிட்டுத்தான் போனேன். அங்க இருந்த ஒரு கட்சிக்காரர் என்னைப் பார்த்தே "இவன் ஓட்டெல்லாம் போடுவானாம்மா?"ன்னு கேட்டார். அவன் சட்டைப்பையில இருந்த வாக்காளர் அட்டையை அவனே எடுத்து மேசை மேல வெச்சான். நான் சொல்லிக் குடுக்கலை, சத்தியமா. அதுக்கப்புறம்தான் அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டாங்க. கோர்ட்டே மனநிலை சரியில்லைன்னு தீர்ப்பு சொன்னாலொழிய இப்படிக் குறைபாட்டைக் காட்டி யார் ஓட்டையும் எடுக்க முடியாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு. பட்ஜெட் முடிஞ்சு சட்டசபையில துறைதுறையா மானியக் கோரிக்கை, அதாவது எந்தத் துறைக்கு எவ்வளவு பணம்ங்கிற விவாதம், வரும் பாருங்க, அதுக்கு முன்னாடி போங்க. நான் மாங்கா சீசன்ல போனேன், சபை முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க.

கைமொழி

நான் காது கேளாதவன். எனக்கு ரயில் நிலையப் பிரச்சினை: அறிவிப்பெல்லாம் ஒலிபெருக்கியில்தான், பலகையில் பெரும்பாலும் வருவதில்லை. எம்.எல்.ஏ.விடம் எழுதிக் கொடுத்தேன், ரயில் மத்திய அரசு, எம்.பி.யைப் பாருங்கள் என்றார். மூன்று மாதம் வீணானது, ஆனால் அவர் சொன்னது சரி. பஸ், பள்ளி, உதவித்தொகை என்றால் எம்.எல்.ஏ.; ரயில், வங்கி, தபால் என்றால் எம்.பி.

எம்.பி.யிடம் அண்ணனைக் கூட்டிப்போனேன். நான் பத்து நிமிஷம் கைமொழியில் சொன்னதை அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார், "பாவம் சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று. உதட்டசைவில் அந்தப் "பாவம்" எனக்குப் புரிந்தது. நான் சொன்னதில் அந்த வார்த்தையே இல்லை. அடுத்த முறை கைமொழி பெயர்ப்பாளரோடு போனேன், எழுதியதையும் கையில் கொடுத்தேன். எம்.பி. என் முகத்தைப் பார்த்துப் பேசினார். ரயில்வேக்குக் கடிதம் போயிருக்கிறது, நகல் என்னிடம் இருக்கிறது. நகல் வாங்காமல் யாரும் திரும்பாதீர்கள்.

ராகிக்களி

எங்க அப்பாவுக்குச் சின்ன வயசிலிருந்தே கிணத்துத் தண்ணி. அதுல ஃபுளோரைடுங்கிற உப்பு அதிகம். முதுகு வளைஞ்சு, முட்டி மடங்காது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணி 2013-க்கு அப்புறம்தான் எங்களுக்கு வந்துச்சு, அவருக்கு அது லேட். சட்டத்துல இருக்கிற 21 வகைக் குறைபாட்டுப் பட்டியல்ல இந்த நோயோட பேரு, ஃபுளோரோசிஸ்னு, இல்லவே இல்லையே, இதை எப்படிக் கேக்கறது?

ஊன்றுகோல்

தம்பி, நோயின் பெயரால் கேட்காதீர்கள். கை கால் இயக்கக் குறைபாடு என்று பட்டியலில் இருக்கிறது, அதில் மதிப்பிடச் சொல்லுங்கள். குறைபாடு 40 சதவீதம் என்று வந்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு அது போதும். நம்ம இரண்டு மாவட்டத்திலும் இப்படி வளைந்த முதுகுகள் எத்தனை என்று கணக்கெடுக்கச் சொல்வதுதான் சட்டமன்ற உறுப்பினர்களிடம் வைக்க வேண்டிய கோரிக்கை. தர்மபுரியில் ஐந்து தொகுதி, கிருஷ்ணகிரியில் ஆறு. பதினொரு பேரிடமும் ஒரே வாசகத்தில் ஒரே மனு போனால் யாராவது ஒருவர் கேட்டே தீர்வார்.

உள்ளாட்சியில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தமும் 2025 ஏப்ரலில் சட்டசபையில் வந்தது. உங்க ஊராட்சியில் யாரை நியமிக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

மனுவின் வரைவை நான் எழுதுகிறேன். அப்பா எந்தக் கிணற்றுத் தண்ணீர் எத்தனை வருஷம் குடித்தார், இப்போது எதையெல்லாம் தானே செய்ய முடியவில்லை, இதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி அனுப்புங்கள்.

ராகிக்களி

இன்னைக்கு ராத்திரியே கேட்டு எழுதறேன் அக்கா. அவரும் கூட வர்றேங்கிறார்.