ஏஆர் பிஸ்டல் வாங்கலாமா, முழு ரைஃபிளே போதுமா?

கேட்டிக்காரன்:
வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில இருக்கோம். கடையில ஏழரை இஞ்ச் பேரல் (குழல்) வச்ச ஏஆர் பிஸ்டல் ஒண்ணைக் காட்டினாங்க, அதாவது ஏஆர்-15 ரைஃபிளோட குட்டை வடிவம். 5.56 ரைஃபிள் தோட்டா, பின்னால முன்கையோட கட்டிக்கிற பிரேஸ். "ரைஃபிளோட பலம், பிஸ்டலோட அளவு"ங்கிறார் கடைக்காரர். வீட்டுக்கு ஒண்ணு, ரேஞ்சுக்கு (சுடப் பழகுற இடத்துக்கு) ஒண்ணுன்னு ரெண்டு வாங்க வீட்டம்மா விடமாட்டாங்க. மாடி வீடு, குறுகலான படிக்கட்டு, 7 வயசுப் பையன். மச்சான் நியூ ஜெர்சியில, வருஷம் ஒரு தடவை கார்லயே போவோம். உருப்படியான சாமான்தானா இது?

சும்மா எட்டிப்பார்த்தவன்:
முதல்ல விசா என்னன்னு சொல்லுங்க. எச்1பி-ன்னா துப்பாக்கியையே தொடக்கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு.

கேட்டிக்காரன்:
போன வருஷமே கிரீன் கார்டு வந்துடுச்சு.

ரிட்டயர்டு ரேஞ்ச் பைத்தியம்:
தம்பி, அதே ஏழரை இஞ்ச் சாமானை ரெண்டு வருஷம் வச்சிருந்து வித்தவன் நான்.

முதல் தடவை உள்ளரங்க ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போனேன். காதுக்குள்ள பஞ்சு, மேல கவசம். முதல் தோட்டாவுக்கே லட்சுமி வெடியைக் கையில பிடிச்சிட்டு வெடிச்ச மாதிரி இருந்துச்சு. பக்கத்துத் தடுப்புல சுட்டுக்கிட்டிருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசல, பையைத் தூக்கிட்டுக் கடைசித் தடுப்புக்குப் போயிட்டார். 5.56 தோட்டாவை 20 இஞ்ச் பேரலை மனசுல வச்சுத்தான் செஞ்சாங்க. ஏழரை இஞ்ச்ல வெடிமருந்து எரிஞ்சு முடியறதுக்குள்ள குண்டு வெளியே போயிடும். மிச்ச மருந்து குழல் வாய்க்கு வெளியே நெருப்புப் பந்தா எரியும். 20 இஞ்ச்ல வினாடிக்கு 3,200 அடி போற 55 கிரெய்ன் குண்டு, இதுல 2,500 பக்கம் இறங்கிடும். அந்தக் குண்டோட வேலையே வேகத்தை நம்பித்தான். ரைஃபிளோட சத்தம் மொத்தமும் உங்களுக்கு, பலத்துல பெரும் பங்கைக் காத்துக்கு விட்டாச்சு. ராத்திரி 2 மணிக்கு, காதுக்கு ஒண்ணும் போடாம, படிக்கட்டுல இதைச் சுடுறதை நினைச்சுப் பாருங்க. பையன் பக்கத்து ரூம்ல.

அளவு கதைக்கு வருவோம். சாதாரண ரைஃபிளுக்கு 16 இஞ்ச் பேரல். ஆக மிச்சம் எட்டரை இஞ்ச். அதுக்கு மேல ஏஆரைக் குறைக்க முடியாது. ஒவ்வொரு சுடலுக்கும் உள்ள இருக்கிற போல்ட்ங்கிற இரும்புத் துண்டு பின்னால ஓடி வர்றதுக்கு, பின்பக்கம் நீட்டிக்கிட்டிருக்கிற பஃபர் டியூப்ங்கிற குழாய் வேணும், அதை மடக்கிட்டுச் சுட முடியாது. ருமேனியாவோட டிராகோ மாதிரி ஏகே பிஸ்டலுக்கு அந்த வால் கிடையாது, அதனால அதுங்க நிஜமாவே குட்டை. ஆனா டிராகோவை வெறுங்கையில குறி பார்த்துச் சுட்டுக் காட்டுங்க, நான் பிரியாணி வாங்கித் தரேன்.

சின்னதுதான் வேணும்னு மனசு அடிச்சுக்குதா? அப்ப 300 பிளாக்அவுட் பாருங்க. குட்டை பேரலுக்காகவே யோசிச்ச தோட்டா, 9 இஞ்ச்லயே மருந்து எரிஞ்சு தீர்ந்துடும். ஏஆர்ல பேரலை மட்டும் மாத்தினா போதும், மேகசின் (தோட்டா அடுக்குற பெட்டி) அதேதான். ஆபத்தும் அங்கதான். வீட்டுல 5.56-ம் இருந்து, மேகசின் மாறிப்போய் இந்தத் தோட்டா அதுல ஏறிட்டா, துப்பாக்கி கையிலயே வெடிக்கும். நான் 300 மேகசினுக்கெல்லாம் சிவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன்.

ஃபார்ம் நிரப்பி:
ரேஞ்ச் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். இந்தச் சாமான் பிறந்தது கைக்காக இல்ல, சட்டத்துக்காக. 1934 சட்டப்படி தோள்ல வச்சுச் சுடுற துப்பாக்கிக்கு 16 இஞ்சுக்குக் குறைஞ்ச பேரல் இருந்தா ஏடிஎஃப்-ல (துப்பாக்கியைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு) பதியணும், 200 டாலர் வரி. தோள்ல முட்டுக் கொடுக்கிற ஸ்டாக்கே இல்லாம முதல்லயே பிஸ்டலாச் செஞ்சா அந்தத் தொல்லை இல்ல. 2012-ல பிரேஸ் வந்துச்சு. உடல் குறையுள்ள முன்னாள் ராணுவத்தினர் ஒரு கையால சுடுறதுக்காகச் செஞ்சது, வாங்கினவன்ல பாதிப் பேர் தோள்ல வச்சான். 2023-ல ஏடிஎஃப் "இதெல்லாம் குட்டை ரைஃபிள்தான்"னு விதி போட்டுச்சு. 2024-ல டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு.

2026 ஜனவரி 1-லேர்ந்து அந்த 200 டாலரும் பூஜ்யம். கைரேகை, போட்டோ, பதிவு மட்டும் இருக்கு. காசு மிச்சம்னு பிஸ்டல் வாங்கின காலம் போச்சு. பிஸ்டலுக்குப் பதிவு வேண்டாம்ங்கிறதைத் தவிர மிஞ்சின வசதி, மாநிலம் தாண்ட ஏடிஎஃப்-கிட்ட முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டாம். பதிஞ்ச குட்டை ரைஃபிளுக்குக் கேட்கணும். ஆனா உங்க மச்சான் ஊரு நியூ ஜெர்சி! அங்க ரெண்டையுமே கொண்டு போகாதீங்க.

கேட்டிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்ப 9 எம்எம்-ல வர்ற ஸ்கார்பியன், எம்பி5 மாதிரி குட்டைத் துப்பாக்கிங்க எப்படி?

ரிட்டயர்டு ரேஞ்ச் பைத்தியம்:
குட்டை பேரல்ல அர்த்தம் உள்ளது அதுதான். 9 எம்எம் எப்படியும் கைத்துப்பாக்கித் தோட்டா, எட்டு இஞ்சுல அதுக்கு ஒரு குறையும் இல்ல. ஸ்கார்பியன்ல கனமான போல்ட் முன்னும் பின்னும் இடிக்கும், நினைச்சதை விட உதைக்கும். எம்பி5-ஓட ரோலர் அமைப்பு பஞ்சு மாதிரி, விலைதான் பஞ்சு இல்ல. வாங்குறதுக்கு முன்னால ஏழரை இஞ்ச், 16 இஞ்ச் ரைஃபிள், 9 எம்எம் மூணையும் ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து அம்பது அம்பது சுடுங்க. வீட்டம்மாவையும் சுடச் சொல்லுங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப அவங்கதானே எடுக்கணும்?

கேட்டிக்காரன்:
சனிக்கிழமை ரெண்டு பேரும் போனோம். ஏழரை இஞ்சை அவ ரெண்டு தடவை சுட்டுட்டுக் கீழ வச்சுட்டா. 16 இஞ்ச் ரைஃபிள்ல ஒரு மேகசின் முழுசா முடிச்சா. ரைஃபிளுக்கும் பூட்டுப் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டியாச்சு. பெட்டி எந்த ரூம்லன்னுதான் இப்ப சண்டை.