மாப்பிள்ளை விழுந்த அன்று எங்கள் குடும்பக் குழுவில்

நான்: மாப்பிள்ளை கப்பலூரில் மில் கூரையிலிருந்து விழுந்துவிட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை. 108-இல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம். தங்கச்சியோடு நான் இருக்கிறேன், பதறிக் கிளம்ப வேண்டாம்.

அக்கா: ஐயோ முருகா. எவ்வளவு உயரம்டா? பேசுகிறாரா?

நான்: நன்றாகப் பேசுகிறார். 18 அடி இருக்கும். ஒழுகல் அடைக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஏறியிருக்கிறார், ஷீட் உடைந்து நின்றவாக்கில் இறங்கிவிட்டார். இரண்டு குதிகாலும் நொறுங்கியிருக்கின்றன. இப்படி விழுந்தால் முதுகெலும்பும் அமுங்கியிருக்கலாம் என்று அதையும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

சின்ன மாமா: பெல்ட் போட்டிருந்தாரா?

நான்: போட்டிருந்தார் மாமா. கொக்கி மாட்டத்தான் இடமில்லை.

சின்ன மாமா: வயிறு எரிகிறது. 30 வருடம் ஃபிட்டராக இந்தக் கூரைகளில் ஏறியவன் நான். பழைய ஷீட் அப்பளம் மாதிரி, பாசி பிடித்திருந்தால் விரிசலும் தெரியாது. போல்ட் வரிசைக்குக் கீழேதான் இரும்பு ஓடும், அதன் மேலேயே நட என்பார்கள். அது போதாது. பலகை விரித்து, முகட்டில் கயிறு கட்டி, கொக்கியை மாட்டிய அப்புறம்தான் கால் வைக்க வேண்டும். அதற்கு ஆகிற அரை மணி நேரத்தைத் தர யாருக்கும் மனசு வராது.

தங்கச்சி: மாமா, காண்ட்ராக்டர் வந்திருக்கிறார். பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொல்கிறார். தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றி முழுச் செலவும் தருகிறாராம்.

சின்ன மாமா: வேண்டவே வேண்டாம் தாயி. ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், என்ன எழுதுகிறார்களோ அதுதான் கடைசிவரை நிற்கும். மாப்பிள்ளைக்குச் சம்பளம் 21,000-க்குள்தானே? தொழிலாளர் காப்பீட்டுக்கு இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கிறார்களா?

தங்கச்சி: பிடிக்கிறார்கள். ஆனால் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

சின்ன மாமா: வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளே ஆனாலும் உண்டு. எழுந்து வேலைக்குப் போகிறவரை சம்பளத்தில் 90 சதவீதம் வரும். கால் பழையபடி ஆகாவிட்டால் மாதாமாதம் தனிப் பணம். பைக் என்று எழுதினால் நோய் விடுப்புக்குத் தரும் சிக் பணம்கூட வராது, அதற்குச் சந்தா கட்டிய நாள் நிறைய வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் என்று மில்லும் கைகழுவ முடியாது.

தங்கச்சி: டாக்டரிடம் அவரே சொல்லிவிட்டார் மாமா, ஷீட் உடைந்து விழுந்தேன் என்று. எழுதிக்கொண்டார்கள்.

அக்கா: நல்ல பிள்ளை.

சின்ன மாமா: உடைந்த ஷீட்டை மாற்றுவதற்குள் போட்டோ எடுக்க வேண்டும். கூட ஏறியவர்கள் யார்?

நான்: ஒரு பையன். அவனை வைத்தே மிச்ச வேலையை முடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இன்னும் மேலேதான் இருக்கிறான்.

சின்ன மாமா: திருமங்கலம் பஸ் ஏறிவிட்டேன். முதலில் கப்பலூர், அப்புறம் ஆஸ்பத்திரி. அந்தப் பையன் நம்பரை அனுப்பு.